புகை என்று பெயரிட்டவர்கள்

தமிழில் அதற்குக் 'கண்ணீர்ப் புகை' என்று பெயர். "போலீசார் கண்ணீர்ப் புகைக் குண்டுகளை வீசிக் கூட்டத்தைக் கலைத்தனர்" என்ற செய்தி வரி நமக்குப் படித்துப் படித்துப் பழகிப்போனது. ஆங்கிலம் பேசும் உலகின் பெரும்பகுதி அதை 'டியர் கேஸ்', அதாவது கண்ணீர் வாயு என்கிறது. வாயு நம்மிடம் எப்படிப் புகையானது? மொழிபெயர்த்தவர் எடுத்துக்கொண்ட சுதந்திரம் என்று கடந்துவிடலாம். ஆனால் இந்தியக் காவல்துறையின் ஆங்கிலத்திலும் அது 'டியர் ஸ்மோக்'தான். 1976இல் எல்லைப் பாதுகாப்புப் படை குவாலியருக்கு அருகே டேகன்பூரில் தொடங்கிய உற்பத்திக் கூடத்தின் பெயரே 'டியர் ஸ்மோக் யூனிட்'. பிரிட்டிஷ் காலனிகளின் காவல்துறை புழங்கிய சொல் இது. கண்ணீர்ப் புகை என்று நாம் எழுதும்போதெல்லாம் அந்தச் சொல்லைத்தான் தமிழில் எழுதுகிறோம்.

வாயுவா புகையா என்பது வெறும் சொல் தகராறு போலத் தோன்றும். ஆனால் ஒரு அரசாங்கம் இந்தச் சொல்லின் துணையோடு சர்வதேச ஒப்பந்தம் ஒன்றின் வேலியைத் தாண்டியிருக்கிறது. அப்போது அளவுகோலாக எடுத்துக்கொள்ளப்பட்டது யாருடைய உடல், கணக்கில் வராமல் போனது யாருடைய உடல் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். புகை எழுப்பும் கருவிகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது மறைப்புப் புகை. படை நகரும்போது எதிரியின் கண்ணில் படாமலிருக்க ஒரு சிறு தகரக் குப்பியை உருட்டிவிடுவார்கள். உள்ளே உள்ள கலவை கனன்று, புகை சுவர்போல எழும். இரண்டாவது அடையாளப் புகை. சாயம் கலந்தது. ஹெலிகாப்டருக்கு இறங்கும் இடத்தைக் காட்டும். கடலில் தத்தளிக்கும் படகு இருக்கும் இடத்தைச் சொல்லும். கப்பலின் உயிர்காப்புப் படகுகளில் ஆரஞ்சு நிறப் புகை தரும் மிதவைக் குப்பிகள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. இன்று கல்யாணப் படம் எடுப்பவர்களும் கால்பந்து ரசிகர்களும் கொளுத்தும் வண்ணப் புகை இதன் உறவுதான். மூன்றாவது கண்ணீர்ப் புகை. முதல் இரண்டும் பார்வைக்காகச் செய்யப்பட்டவை: ஒன்று மறைக்க, ஒன்று காட்ட. மூன்றாவது கண்ணையே தாக்குவதற்காகச் செய்யப்பட்டது.

முதல் இரண்டும் தீங்கே இல்லாதவை என்று சொல்வதற்கில்லை. இரண்டாம் உலகப் போரில் பரவலாகப் பயன்பட்ட ஒரு மறைப்புப் புகையில் துத்தநாகக் குளோரைடு உண்டாகும். மூடிய இடத்தில் அதைச் சுவாசித்து நுரையீரல் சேதமடைந்து இறந்தவர்கள் உண்டு. புகை திறந்தவெளியில் ஒன்றாகவும் அறைக்குள் வேறாகவும் நடந்துகொள்ளும். இதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

கண்ணீர்ப் புகையில் இன்று பெரும்பாலும் பயன்படுவது சி.எஸ். என்னும் பொருள். 1928இல் அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரியில் கார்சன், ஸ்டவ்டன் என்ற இரு வேதியியலாளர்கள் உருவாக்கியது. அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளே அதன் பெயர். சாதாரண வெப்பத்தில் அது வெள்ளைத் தூள். சூடேறும்போது ஆவியாகி, பின் மிக நுண்ணிய துகள்களாகி காற்றில் மிதக்கும். ஆகவே வேதியியல் கணக்கில் அதை வாயு என்பதைவிடப் புகை என்பதே பொருத்தம். உண்மையான ஒரு சொல்லைக் கொண்டு ஒரு உண்மையை மறைக்க முடியும் என்பதற்கு இந்தப் பெயர் நல்ல உதாரணம்.

போர்க்களத்து விஷவாயுவின் வரலாற்றையும் பெண்களின் அமைதி இயக்கத்தின் வரலாற்றையும் பிரித்து எழுத முடியாது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கருகே ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அதை முன்நின்று நடத்தியவர் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹாபர். ஆறே நாளில், ஏப்ரல் 28 அன்று, அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ள ஹேக் நகரில், பன்னிரண்டு நாடுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் போரை நிறுத்தக் கோரிக் கூடினார்கள். ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்த நாடுகளின் பெண்கள் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாநாடு முடிந்த மறுநாள், மே 2 அன்று, ஹாபரின் மனைவி கிளாரா இம்மர்வார் கணவரின் கைத்துப்பாக்கியால் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர், அவரும் வேதியியலாளரே. அவர் ஏன் அந்த முடிவுக்கு வந்தார் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அவரை விஷவாயு எதிர்ப்பின் தியாகியாக மட்டும் சுருக்கிவிடுவதும் ஒருவகையில் அவருக்கு இழைக்கும் அநீதிதான். ஆனால் அந்தப் பத்து நாட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஹேக்கில் கூடியவர்களிடமிருந்து பிறந்ததுதான் அமைதிக்கும் சுதந்திரத்துக்குமான பெண்களின் சர்வதேசச் சங்கம். சுவிட்சர்லாந்தின் கெர்ட்ரூட் வோக்கர், ஸ்வீடனின் நைமா சால்போம் என்ற இரு பெண் வேதியியலாளர்கள் அதில் முக்கியமானவர்கள். 1924இல் சங்கத்தின் மாநாட்டுக்காக அமெரிக்கா சென்றபோது, எட்ஜ்வுட் என்ற இடத்தில் ராணுவம் நடத்திய வேதியாயுதக் காட்சி விளக்கத்தை இருவரும் நேரில் பார்த்தார்கள். வோக்கர் திரும்பிவந்து, வரப்போகும் விஷவாயுப் போரைப் பற்றி நூல் எழுதினார். அதை நாஜிகள் பின்னாளில் தடைசெய்தார்கள். 1929 ஜனவரியில் ஃபிராங்ஃபர்ட்டில் இச்சங்கம் ஒரு மாநாடு கூட்டியது. நவீனப் போர்முறைகளிலிருந்து குடிமக்களைக் காக்க முடியுமா என்பதே பேசுபொருள். வாயு எல்லைக்கோட்டில் நிற்காது, வீட்டுக்குள் வரும் என்பதை ஆய்வகம் தெரிந்த பெண்கள் அன்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அதே ஆண்டுகளில் அமெரிக்க ராணுவத்தின் வேதிப்போர்ப் பிரிவுத் தலைவர் ஏமஸ் ஃபிரைஸ், போர் முடிந்த பிறகு தேங்கி நின்ற அறிவுக்குப் புதுச் சந்தை தேடினார். கண்ணீர் வாயுவை உள்நாட்டுக் காவல்துறையிடம் கொண்டுசேர்த்ததில் அவர் பங்கு பெரிது. அவருடைய அலுவலகத்திலிருந்துதான் 1923இல் 'சிலந்தி வலை' என்று அறியப்பட்ட ஒரு வரைபடம் வெளியே வந்தது. பெண்கள் அமைப்புகளையெல்லாம் கோடுகளால் இணைத்து, எல்லாம் மாஸ்கோவின் சதி என்று அது காட்டியது. வரைந்தவர் அந்தப் பிரிவின் நூலகராக இருந்த ஒரு பெண். அமைப்புகள் கொதித்தெழ, ராணுவச் செயலர் பிரதிகளை அழிக்க உத்தரவிட்டார். அதற்குள் வரைபடம் ஊரெல்லாம் சுற்றிவிட்டது.

சட்டம் என்ன சொன்னது? 1925 ஜூன் 17 அன்று கையெழுத்தான ஜெனீவா நெறிமுறை, மூச்சடைக்கும், நச்சுத்தன்மையுள்ள, 'அல்லது பிற' வாயுக்களைப் போரில் பயன்படுத்தத் தடை விதித்தது. மறைப்புப் புகை அதில் சேரவில்லை. கண்ணீர் வாயு 'பிற'வில் அடங்குமா என்ற கேள்வி எழுந்தபோது, 1930இல் பிரிட்டிஷ் அரசு அடங்கும் என்று தெளிவாகச் சொன்னது. அந்த வாக்கு நாற்பது ஆண்டுகள் நின்றது.

இனி வட அயர்லாந்து. வீட்டு ஒதுக்கீடு, வாக்குரிமை, வேலை எல்லாவற்றிலும் ஒதுக்கப்பட்ட கத்தோலிக்கச் சிறுபான்மையினர் 1960களின் இறுதியில் குடியுரிமை கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். 1969 ஆகஸ்ட் 12 அன்று டெர்ரி நகரின் பாக்சைடு பகுதியில் காவல்துறைக்கும் மக்களுக்கும் மோதல் மூண்டது. இருபத்திரண்டே வயதான நாடாளுமன்ற உறுப்பினர் பெர்னடெட் டெவ்லின் தடுப்பரண்களில் மக்களோடு நின்றார். அதற்காகப் பின்னர் சிறை சென்றார். காவல்துறை சி.எஸ். வீசியது. பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட அந்தத் தீவுகளில் காவல்துறை தன் குடிமக்கள்மீது அதைப் பயன்படுத்தியது அதுவே முதல்முறை. இரண்டு நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகள் சுடப்பட்டன.

பாக்சைடு நெருக்கமான தொழிலாளர் குடியிருப்பு. கல்லெறிந்த இளைஞர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடினார்கள். புகை அவர்களோடு ஓடவில்லை. கதவிடுக்கிலும் சன்னலிலும் நுழைந்து, திரைச்சீலையிலும் படுக்கையிலும் தூளாகப் படிந்தது. தூள் என்பதால்தான் அது படிந்தது. நடந்தாலும் துடைத்தாலும் மீண்டும் எழுந்தது. வீட்டுக்குள் இருந்தவர்கள் யார்? கைக்குழந்தைகள், நடக்க முடியாத முதியவர்கள், அவர்களை விட்டுவிட்டு ஓட முடியாத பெண்கள். தெருவில் கூட்டத்தைக் கலைக்கச் செய்த ஒரு பொருள், கலைந்துபோக வழியில்லாதவர்களிடம் கடைசியாகத் தங்கியது. அதைக் கழுவிச் சுத்தம் செய்யும் வேலையும் பெண்களுடையதாயிற்று.

மக்களின் கோபத்தைத் தொடர்ந்து, மருத்துவ அறிஞர் ஹரால்ட் ஹிம்ஸ்வொர்த் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு வேலை செய்துகொண்டிருக்கும்போதே, 1970 பிப்ரவரி 2 அன்று, வெளியுறவு அமைச்சர் மைக்கேல் ஸ்டூவர்ட் நாடாளுமன்றத்தில் ஓர் எழுத்துபூர்வப் பதில் தந்தார். 1930இல் இருந்த கண்ணீர் வாயுக்கள் வேறு. இப்போதுள்ளது நவீன 'சி.எஸ். புகை', மிக விதிவிலக்கான சூழல்கள் தவிர, அது மனிதனுக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு செய்வதில்லை, ஆகவே அது ஜெனீவா நெறிமுறைக்கு வெளியே நிற்கிறது. சாரம் இதுதான். 1930இல் வாயுவாக இருந்தது நாற்பது ஆண்டுகளில் புகையாகி, தடையிலிருந்து மிதந்து வெளியே போய்விட்டது.

'மனிதனுக்கு' என்ற சொல்லில் நிற்போம். ஆங்கிலத்தில் ஆணையும் மனித குலத்தையும் ஒரே சொல் குறிக்கும் என்பது பழைய இலக்கணச் சண்டை. இங்கே அது இலக்கணமாக மட்டும் இல்லை. சி.எஸ். பொருளை ஆயுதமாக வளர்த்தெடுத்த போர்ட்டன் டவுன் ராணுவ ஆய்வுக்கூடத்தில் அதை முகர்ந்து பார்த்தவர்கள் படைவீரர்கள். இளமையும் உடல்நலமும் உள்ள ஆண்கள். வெளியேறும் கதவு எங்கே என்று தெரிந்தவர்கள். அந்த உடலுக்குத் தீங்கில்லை என்றால் மனிதனுக்குத் தீங்கில்லை. நெருக்கமான குடியிருப்பின் படுக்கையறையில் ஆஸ்துமா உள்ள மூதாட்டியும் ஏழு மாதக் கர்ப்பிணியும் எந்தக் கணக்கில் வருவார்கள்? அமைச்சரின் சொற்களில் அவர்களுக்கு இடம் 'விதிவிலக்கான சூழல்' என்பதற்குள்தான்.

பெண்ணின் கண்ணில் புகையால் வரும் நீரைக் காயமாக எண்ணாத பழக்கம் நமக்கும் புதிதில்லை. குறுந்தொகையின் 167ஆம் பாடலில், தாளிதப் புகை கண்ணில் நிறையத் தலைவி சமைப்பதைக் கண்டுவந்த செவிலி அதைப் பெருமையாகச் சொல்கிறாள். அருமையான பாடல், வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவியர் ரசிக்கிறார்கள். அந்தக் கண் எரிந்திருக்குமே என்று யாராவது ஒருத்தி கேட்கும்போது நான் அதிகம் மகிழ்கிறேன்.

ஹிம்ஸ்வொர்த் குழு தன் இறுதி அறிக்கையை 1971இல் தந்தது. சி.எஸ். பயன்பாட்டை அது நிராகரிக்கவில்லை. ஆனால் ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தது: இப்படிப்பட்ட பொருளை ஆயுதத்தைப் போல அணுகாமல், ஒரு புதிய மருந்தை அணுகுவதுபோல ஆராய வேண்டும். மருந்து என்றால் குழந்தைக்கு என்ன ஆகும், கருவுக்கு என்ன ஆகும், நோயாளிக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே கேட்டாக வேண்டும். அமைச்சரின் 'மனிதன்' கேட்காமல் விட்ட கேள்வி இது.

அறிக்கை வருவதற்கு முன் ஒரு கோடை வந்தது. 1970 ஜூலை 3 அன்று பெல்ஃபாஸ்டின் ஃபால்ஸ் பகுதியில் ஆயுதத் தேடலுக்காக நுழைந்த பிரிட்டிஷ் ராணுவம், ஊரடங்கு விதித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சி.எஸ். குண்டுகள் அந்தச் சந்துகளில் வெடித்தன. நான்கு குடிமக்கள் கொல்லப்பட்டார்கள். பால், ரொட்டி எதுவும் உள்ளே போகவில்லை. ஜூலை 5 அன்று, பக்கத்துப் பகுதியான அண்டர்சன்ஸ்டவுனிலிருந்து பெண்கள் பெருங்கூட்டமாகக் கிளம்பினார்கள். குழந்தைகளைத் தள்ளிச்செல்லும் வண்டிகளில் பாலும் ரொட்டியும் நிறைந்திருந்தன. ராணுவத்தின் தடுப்பு வரிசையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். ஊரடங்கு அத்தோடு உடைந்தது. அந்த வண்டிகளில் திரும்பும்போது சில ஆயுதங்களும் வெளியே போயின என்றும் சொல்லப்படுகிறது. பெண்களைப் பால் வண்டியோடு மட்டும் நினைவு வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு அது இடைஞ்சலாக இருக்கும். அவர்கள் ஒரு போராட்டத்துக்குள் இருந்த அரசியல் மனுஷிகள் என்று எடுத்துக்கொண்டால் இடைஞ்சல் இல்லை.

பதினெட்டு நாள் கழித்து, ஜூலை 23 அன்று, லண்டன் நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்திலிருந்து ஒரு இளைஞர் இரண்டு சி.எஸ். குப்பிகளைச் சபைக்குள் வீசினார். பெல்ஃபாஸ்டில் எப்படியிருக்கிறது என்று இப்போது தெரிகிறதா என்ற பொருளில் கத்தினார். உறுப்பினர்கள் இருமிக்கொண்டும் கண்ணைப் பொத்திக்கொண்டும் வெளியேறினார்கள். சபை ஒத்திவைக்கப்பட்டது. 'குறிப்பிடத்தக்க தீங்கு செய்யாத' அதே புகை, அதே சபை, ஆறு மாதம்கூட ஆகவில்லை. அன்று யாரும் அதைத் தீங்கற்றது என்று சொல்லிக்கொண்டு இருக்கையில் உட்கார்ந்திருக்கவில்லை.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். பிரிட்டனின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, தீங்கு தரும் திரவத்தையோ வாயுவையோ வெளியேற்றும் கருவியைக் குடிமக்கள் வைத்திருப்பதைத் தடைசெய்கிறது. இரவில் தனியே வீடு திரும்பும் பெண் கைப்பையில் சி.எஸ். தெளிப்பானோ மிளகுத் தெளிப்பானோ வைத்திருந்தால் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். அரசு வீசினால் தீங்கற்ற புகை. அவள் வைத்திருந்தால் ஆயுதம். இந்தியாவில் மிளகுத் தெளிப்பானைப் பெண்கள் தடையின்றி வாங்கலாம். பொருளின் தன்மையை மட்டும் பார்த்துச் சட்டம் எழுதப்படுவதில்லை. அது யார் கையில் இருக்கிறது என்பதும் சேர்ந்தே எழுதப்படுகிறது.

சர்வதேசச் சட்டம் 1993இல் இந்தக் குழப்பத்தை ஒரு வகையில் தீர்த்தது. அந்த ஆண்டு கையெழுத்துக்கு வைக்கப்பட்டு, 1997 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த வேதியாயுத ஒப்பந்தம், கலவரத் தடுப்புப் பொருட்களைப் போர்முறையாகப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. கூடவே, உள்நாட்டுச் சட்டம் ஒழுங்குக்கு அவற்றைப் பயன்படுத்தலாம் என்று அனுமதியும் தருகிறது. அதாவது எல்லையில் எதிரிநாட்டுச் சிப்பாய்மீது வீசக்கூடாத ஒன்றைத் தலைநகரில் சொந்தக் குடிமகள்மீது வீசலாம். இந்தியாவும் இதில் கையெழுத்திட்ட நாடு.

2023 டிசம்பர் 13 அன்று டெல்லியில், 2001 நாடாளுமன்றத் தாக்குதலின் நினைவு நாளில், இருவர் மக்களவைக்குள் குதித்துக் காலணிக்குள் மறைத்து வைத்திருந்த குப்பிகளிலிருந்து மஞ்சள் புகையை எழுப்பினார்கள். அதே நேரத்தில் வெளியே ஒரு பெண்ணும் ஓர் ஆணும் வண்ணப் புகை எழுப்பி முழக்கமிட்டார்கள். சபைக்குள் குதித்ததை நியாயப்படுத்துவது என் நோக்கமில்லை. அங்கிருந்தவர்களின் அச்சம் உண்மையானது. நான் பார்ப்பது சட்டத்தின் சொல்லை. அவர்கள்மீது சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், உபா, பாய்ந்தது. அதன் பதினைந்தாம் பிரிவு பயங்கரவாதச் செயலின் கருவிகளை அடுக்கும்போது வெடிபொருட்களோடு 'நச்சு வாயுக்களையும்' சேர்க்கிறது. சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் புகைக் குப்பிக்கு இந்தச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று டெல்லி உயர் நீதிமன்றமே விசாரணையின்போது காவல்துறையிடம் கேட்டது. வெளியே நின்ற அந்தப் பெண்ணுக்குப் பிணை கிடைத்தது 2025 ஜூலையில். ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறை.

அந்தச் சம்பவம் நடந்து சரியாக இரண்டு மாதம் கழித்து, 2024 பிப்ரவரி 13 அன்று, பஞ்சாப் ஹரியானா எல்லையான ஷம்புவில் டெல்லிக்குப் புறப்பட்ட விவசாயிகள்மீது ட்ரோன்களிலிருந்து கண்ணீர்ப் புகைக் குண்டுகள் விழுந்தன. அவை கண்ணை எரிக்கவே செய்யப்பட்டவை. வண்ணப் புகை அப்படிச் செய்யப்பட்டதில்லை. இரண்டில் எதற்கு நச்சு என்ற சொல் ஒட்டியது, எதற்குப் புகை என்ற சொல் ஒட்டியது என்பதை வாசகியே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

கேள்வி கேட்கப்பட்ட இடங்களும் உண்டு. 2011 மே மாதம் சிலி நாட்டில், கண்ணீர்ப் புகை கருச்சிதைவை உண்டாக்கக்கூடும் என்ற அச்சம் பல்கலைக்கழக ஆய்வொன்றின் பின்னணியில் எழுந்தது. அரசு அதன் பயன்பாட்டை நிறுத்திவைத்தது. சில நாட்களில் தடை விலக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் அந்தச் சில நாட்கள் ஒரு அரசாங்கம் கர்ப்பிணியின் உடலை அளவுகோலாக எடுத்துக்கொண்ட நாட்கள்.

நெருப்பில்லாமல் புகையாது என்போம். புகையைப் பற்றிய சட்டங்களுக்கும் அது பொருந்தும். ஒவ்வொன்றின் அடியிலும் யாரோ ஒருவரின் அதிகாரம் கனன்றுகொண்டிருக்கிறது. அடுத்தமுறை 'கண்ணீர்ப் புகை வீசிக் கூட்டத்தைக் கலைத்தனர்' என்ற வரியைப் படிக்கும்போது, கலைந்துபோக முடியாமல் பக்கத்து வீட்டுக்குள் இருந்தவர்கள் யார் என்று கேட்போம். ஹிம்ஸ்வொர்த் குழு சொன்னபடி அது ஒரு மருந்தைப் போல நடத்தப்பட்டிருந்தால், அதன் உறைமேல் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள் என்று ஒரு எச்சரிக்கை வரி எழுத வேண்டியிருந்திருக்கும். அந்த வரியை எழுதிவிட்டு அதைத் தெருவில் வீச முடியாது.